அக்காவுக்கு ஒரு விக்கிப்பீடியா பக்கம்: போடலாமா, கூடாதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். சென்னையில் ஐ.டி. வேலை, லீவுக்கு வந்திருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"அங்கிள், நீங்க விக்கிப்பீடியாவுல எழுதுவீங்கல்ல? அம்மாவுக்கு ஒரு பேஜ் போட்டுத் தர முடியுமா? அடுத்த மாசம் அவங்களுக்கு அறுபது முடியுது. சர்ப்ரைஸா காட்டணும்."

அவளுடைய அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் பலருக்கு அக்காவின் முகம் தெரியும். 1990களின் கடைசியில் ஒரு கேபிள்காரர் நடத்திய உள்ளூர்ச் சேனலில் ராத்திரி எட்டு மணிச் செய்தி வாசித்தவர். ஞாயிறு மதியம் நேயர்கள் போனில் கேட்கும் பாட்டைப் போடும் நிகழ்ச்சி, பொங்கலுக்குக் கோலப் போட்டி, தேர்தல் முடிவு அன்று விடிய விடிய உட்கார்ந்து எண்ணிக்கை சொல்வது எல்லாம் அவர்தான். நேரு வீதியில் புடவை எடுக்கப் போனால் கடைக்காரர் நாற்காலி போடுவார். ஏழெட்டு வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் சேனல் கைமாறி, ஒரு நாள் நின்றே போனது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். மூன்று பேப்பர் கட்டிங். முதலாவது, ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அக்கா பரிசு கொடுக்கும் படம். கீழே ஒரு வரி. இரண்டாவது, அந்தச் சேனலே கொடுத்த தீபாவளி நிகழ்ச்சி விளம்பரம். ஏழு பெயர்களில் ஒன்று அக்காவுடையது. மூன்றாவது, ஒரு நகைக்கடைத் திறப்பு விழாச் செய்தி. "சின்னத்திரை புகழ்" என்ற அடைமொழியோடு பெயர் வருகிறது. கூடவே இரண்டு வி.எச்.எஸ். கேசட். அவ்வளவுதான்.

ஒரு கட்டுரைக்கு இது போதாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து "முடியாதும்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு வாரம் டைம் கொடு" என்றேன். ஏன் முடியாது என்பதை எனக்கே தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஊரில் எவ்வளவோ சாதாரண ஆட்களுக்கெல்லாம் பக்கம் இருக்கிறது. அக்காவுக்கு ஏன் கூடாது? யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று யார் முடிவு செய்வது? அந்த ஒரு வாரம் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஒருவர் முடிவு செய்த காலம்

தமிழில் "யார் யார்" என்று தொகுக்கும் வேலையை நவீன முறையில் தொடங்கியவர்களில் சைமன் காசிச்செட்டி முக்கியமானவர். இலங்கையின் கற்பிட்டிக்காரர். 1859ல் யாழ்ப்பாணத்தில் 'தமிழ் புளூட்டார்க்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த சுமார் 200 புலவர்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உண்டு. கிரேக்க நாட்டுப் புளூட்டார்க் பெரிய வீரர்கள், அரசியல்வாதிகளின் வாழ்க்கையை எழுதியவர். நம்மவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு புலவர்களை உள்ளே வைத்தார். பாட்டு எழுதினால் இடம். தச்சர், வைத்தியர், கூத்தாடி, வியாபாரி யாருக்கும் இடம் கிடையாது.

1902ல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' வந்தது. 1910ல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி'. முதலியார் சென்னை பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட இருபது வருஷம் தனி ஆளாகத் தொகுத்தார். அச்சுக்குப் பணம் போட ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதோடு நிற்காமல் சேர்த்துக்கொண்டே போனார். விரிவான இரண்டாம் பதிப்பு 1934ல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1931லேயே காலமாகிவிட்டார்.

அபிதான சிந்தாமணியைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். புராணத்தில் ஒரே ஒரு இடத்தில் தலைகாட்டும் முனிவருக்கும் அரக்கனுக்கும்கூட ஒரு வரி இருக்கும். முதலியார் தினம் பார்த்த பச்சையப்பன் பள்ளி வாசல் காவலாளிக்கு அது கிடையாது. அந்தக் காவலாளி உண்மையில் வாழ்ந்தவர்; அந்த அரக்கன் வாழ்ந்தானா என்பதே சந்தேகம். ஆனாலும் அரக்கனுக்குத்தான் இடம், ஏனென்றால் அவனைப் பற்றி ஏற்கனவே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இதை அன்றைக்கு யாரும் விதி என்று எழுதி ஒட்டவில்லை. தொகுப்பவர் தனி ஆள். தன் கைக்குக் கிடைத்த நூலில் இருப்பதைத்தானே எடுத்து வைக்க முடியும்?

விடுதலைக்குப் பிறகு இந்த வேலை ஒரு ஆளின் கையிலிருந்து நிறுவனத்துக்குப் போனது. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து 'கலைக்களஞ்சியம்' வெளியிட்டது. 1954ல் முதல் தொகுதி, 1968ல் பத்தாவது. இந்திய மொழிகளில் இது ஒரு பெரிய முன்னோடி முயற்சி. துறைக்குத் துறை ஆட்களைக் கேட்டு எழுதி வாங்கினார்கள். ஆனால் 10 தொகுதி என்றால் 10 தொகுதிதான். ஒருவரை உள்ளே விட்டால் இன்னொருவரை வெளியே நிறுத்த வேண்டும். காகிதமும் காசும் போட்ட கோடு அது.

ரங்கப்பிள்ளையும் பாரிஸ்காரர்களும்

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். பெரிய மார்க்கெட் பக்கம் போகிறவர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை தெரியும். 1709ல் பிறந்தவர். டூப்ளேயின் தலைமைத் துபாஷி. 1736ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும்வரை தொடர்ந்தார். அவர் இறந்து சில நாட்களிலேயே, ஜனவரி 16 அன்று, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது.

அவர் இங்கே எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1751ல், பாரிஸில் தீதரோவும் தலாம்பேரும் அந்தப் புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை. மனிதர்களுக்கென்று தனிக் கட்டுரை போடுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. அறிவுதான் முக்கியம், ஆள் இல்லை. ஆனால் ஆட்களை விட்டுவிட்டு அறிவை எழுத முடியுமா? அதனால் கட்டுரையாளர் ழோக்கூர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஊர்ப் பெயரில் கட்டுரை எழுதி, அந்த ஊரில் பிறந்தவரை அதற்குள் நுழைத்துவிடுவார். நியூட்டனின் வாழ்க்கையைத் தேடினால் "நியூட்டன்" என்ற தலைப்பில் கிடைக்காது; அவர் பிறந்த சின்ன ஊரான உல்ஸ்தோர்ப் என்ற தலைப்பில் இருக்கும். ஊருக்கு நாலு வரி, நியூட்டனுக்குப் பக்கம் பக்கமாக. இந்தக் குறுக்கு வழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

ரங்கப்பிள்ளைக்கு வருவோம். அவர் இறந்தபோது இந்த ஊரில் அவரைத் தெரியாதவர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் 85 வருஷம் கழித்து, 1846ல், கலுவா-மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த நாட்குறிப்புக் கட்டுகளைக் கண்டெடுத்துப் படியெடுத்த பிறகுதான் உலகத்துக்கு அவர் மறுபடி தெரிய வந்தார். 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இன்றைக்கு எந்தக் கலைக்களஞ்சியத்திலும் அவருக்கு இடம் உறுதி. டூப்ளேயின் துபாஷி என்பதற்காக மட்டும் இல்லை. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த கனகராய முதலியும் பெரிய ஆள்தான். அவரைப் பற்றி நாம் பேசுவதில் பெரும்பகுதி ரங்கப்பிள்ளை எழுதி வைத்ததை வைத்துத்தானே?

இன்னொரு உதாரணம் இன்னும் பொருத்தமானது. இரண்டாம் வீராநாயக்கர். புதுச்சேரியில் நயினார், அதாவது ஊர்க்காவல் அதிகாரி. 1778 முதல் 1792 வரையிலான அவருடைய நாட்குறிப்பு இரண்டு நூற்றாண்டு கழித்து அச்சில் வந்தது. தெருச் சண்டை, திருட்டு, ஊர்வலம், பிரெஞ்சுப் புரட்சியின் சத்தம் இங்கே எப்படிக் கேட்டது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவருக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள் இருந்தார்கள். பலர் பெயர் நமக்குத் தெரியாது. இவர் பெயர் தெரியும், எழுதினார், எழுதியது தப்பித்தது.

இடப் பற்றாக்குறை இல்லாத கலைக்களஞ்சியம்

ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில். தமிழில் ஆரம்ப காலத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் இ. மயூரநாதன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். தூரன் காலத்துக் காகிதப் பிரச்சினை இங்கே கிடையாது. ஒரு பக்கம் கூடினால் சர்வரில் சில கிலோபைட். அப்புறம் எதற்குக் கோடு?

என் துறையில் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். "ஸ்டோரேஜ் சும்மா கிடக்குது, எல்லாரையும் போட்டுட்டுப் போங்களேன்!"

இடம் இருக்கிறது, சரிபார்க்க ஆள் இல்லை. இதுதான் பதில். 2005ல் நடந்தது ஒரு பாடம். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குச் சம்பந்தம் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டார். பச்சைப் பொய். நாலு மாதம் அது அப்படியே கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. சீகன்தாலர் அதை அம்பலப்படுத்திப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான், உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும் விதிகள் இறுகின. அவர் தெரிந்த முகம், தட்டிக்கேட்கப் பேனா இருந்தது. அக்காவின் பக்கத்தில் யாராவது விஷமம் செய்தால் யார் பார்ப்பார்கள்? அவர் பக்கத்தை வருஷத்துக்கு நாற்பது பேர் திறப்பார்கள். அந்த நாற்பதில் ஒருவர் பெண் பார்க்க வந்த வீட்டாராக இருந்தால்?

அதனால் வந்த சல்லடைக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் "குறிப்பிடத்தக்கமை" என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால்: அந்த ஆளைப் பற்றி, அவருக்குச் சம்பந்தமில்லாத, நம்பத்தகுந்த இடங்களில், போகிறபோக்கில் பெயர் சொல்லாமல் விரிவாக எழுதியிருக்க வேண்டும். நாலு நிபந்தனையும் சேர்ந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டுரை நிற்காது. நீக்கலாமா வேண்டாமா என்று விவாதம் வந்தால், அங்கே தலை எண்ணிப் பார்ப்பதில்லை. பத்து பேர் வந்து "இவர் நல்லவர், இருக்கட்டும்" என்று சொல்வதைவிட, ஒருவர் ஒரு நல்ல ஆதாரத்தைக் காட்டுவது கனமானது.

அக்காவின் ஃபைலை இந்தச் சல்லடையில் போடுவோம். பள்ளி விழாப் படம்: சம்பந்தமில்லாத நாளிதழ், சரி, ஆனால் ஒரு வரி. விரிவு இல்லை. தீபாவளி விளம்பரம்: சேனலே கொடுத்தது, சம்பந்தப்பட்டவர். தள்ளுபடி. நகைக்கடைச் செய்தி: அது கடையைப் பற்றிய செய்தி. "சின்னத்திரை புகழ்" என்பது அடைமொழி, தகவல் இல்லை. மூன்றும் போச்சு.

அக்காவே நேரில் சொன்னால்? அதுவும் செல்லாது. 2012ல் பிலிப் ராத் என்ற பெரிய அமெரிக்க நாவலாசிரியருக்கே இது நடந்தது. தன் நாவல் எதிலிருந்து பிறந்தது என்று விக்கிப்பீடியாவில் தப்பாக இருக்கிறது, திருத்துங்கள் என்றார். நீங்களே சொல்வது போதாது, வேறு ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. அவர் 'நியூ யார்க்கர்' இதழில் ஒரு நீண்ட பகிரங்கக் கடிதம் எழுதினார். அச்சில் வந்ததும் அதுவே மேற்கோள் ஆகிவிட்டது. ராத்துக்கு நியூ யார்க்கர் இருந்தது. அக்காவுக்கு யார் இருக்கிறார்கள்?

சல்லடையின் ஓட்டை

இந்த விதி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது எப்போதும் சரியான விடை தரும் என்று நினைத்துவிடக் கூடாது. 2018 மே மாதம் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற கனடா நாட்டு இயற்பியலாளரைப் பற்றிய வரைவுக் கட்டுரை ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கப்படவில்லை. காட்டிய ஆதாரங்கள் குறிப்பிடத்தக்கமையை நிறுவவில்லை என்பது காரணம். அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மேரி கியூரி (1903), மரியா கோப்பர்ட் மேயர் (1963) இருவருக்கும் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண்.

வரைவை நிராகரித்தவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் விதியைத்தான் பார்த்தார். கோளாறு முந்தின படியில் இருக்கிறது. அந்த அம்மாவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். சல்லடையில் என்ன கொட்டுகிறோமோ அதுதானே கீழே விழும்?

இந்தப் பழக்கம் விக்கிப்பீடியாவுக்கு முன்னாலிருந்தே உண்டு. இங்கிலாந்தின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி, 1885 முதல் 1900 வரை 63 தொகுதிகளாக வந்தது. செத்தவர்களுக்கு மட்டும் இடம். அவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்களே 1993ல் 'விடுபட்டவர்கள்' என்று ஒரு தனித் தொகுதி போட வேண்டிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை அதில் சேர்த்தார்கள். பிழையை ஒத்துக்கொண்டு ஒரு புத்தகமே போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

டி.வி.க்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்?

எழுத்தாளர் என்றால் புத்தகம் இருக்கும். சினிமாக்காரர் என்றால் போஸ்டர், பாட்டுப் புத்தகம், விமர்சனம் இருக்கும். டி.வி.யில் பேசியவர் காற்றில் பேசியவர்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது, மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி அதைத்தான் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், வயலும் வாழ்வும், எதிரொலி. ஷோபனா ரவி செய்தி வாசித்தால் தெருவே கேட்கும். அந்தக் காலத்தில் பத்திரிகைகள் நடிகைகளைப் பற்றி எழுதிய அளவில் நூறில் ஒரு பங்காவது செய்தி வாசிப்பவர்களைப் பற்றி எழுதியிருக்குமா? நிகழ்ச்சி நிரலைப் போடுவார்கள், புடவையைப் பற்றி யாராவது வாசகர் கடிதம் எழுதுவார், அத்தோடு சரி.

வானொலியில் இன்னும் மோசம். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. தில்லியிலிருந்து வந்த அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த பெண்ணைப் பற்றி எத்தனை பேருக்கு என்ன தெரியும்? 2022 ஆகஸ்டில் அவர் காலமானபோது நாளிதழ்கள் எழுதின. வாழ்க்கைக் குறிப்பைப் பலர் முதல்முறையாக அன்றைக்குத்தான் படித்திருப்பார்கள். குரல் கலைஞர்களுக்கு ஆதாரம் பிறப்பது பெரும்பாலும் இரங்கல் செய்தியில்தான் என்பது கசப்பான உண்மை.

சரி, எழுத்து இல்லை, ஒளிப்பதிவாவது இருக்குமா? அதுவும் சந்தேகம். டேப் விலை அதிகம். பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள். பி.பி.சி. மாதிரிப் பெரிய நிறுவனமே 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களின் பகுதிகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றை இப்படித் தொலைத்துவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. 1991ல் வளைகுடாப் போரும் செயற்கைக்கோள் சேனல்களும் வந்தபோது தெருவுக்குத் தெரு முளைத்த கேபிள்காரர்கள், ஒரு வி.சி.ஆரையும் ஒரு கேமராவையும் வைத்து உள்ளூர்ச் சேனல் நடத்தியவர்கள், அவர்களிடம் ஆவணக் காப்பகத்தை எதிர்பார்க்க முடியுமா? கேபிளுக்கென்று மத்திய அரசின் சட்டமே 1995ல்தான் வந்தது. அக்கா வாசித்த செய்தி டேப்பின் மேல் மறுநாள் செய்தி. கடைசிச் செய்தியின் மேல் யாரோ ஒருவரின் கல்யாணம்.

இந்த இடத்தில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவில் நூலகராக இருந்தவர். 1960களின் இறுதியில் உள்ளூர் டி.வி.யில் 'இன்புட்' என்ற விவாத நிகழ்ச்சியைச் சேர்ந்து தயாரித்தார், அதில் தோன்றியும் பேசினார். அதாவது நம் அக்கா மாதிரி ஒரு சின்ன டி.வி. பிரபலம். பிறகு 1979ல் இருந்து 2012 டிசம்பரில் சாகும்வரை, வீட்டில் பல வி.சி.ஆர்.களை வைத்துச் செய்திச் சேனல்களை இருபத்து நாலு மணி நேரமும் பதிவு செய்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 கேசட். சேனல்காரர்களே வைத்துக்கொள்ளாததை அவர் வைத்திருந்தார். இப்போது அவை இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2019ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் உண்டு. ஆனால் டி.வி.யில் தோன்றியதற்காக இல்லை, டி.வி.யைப் பாதுகாத்ததற்காக.

காகிதத்தின் அருமை தெரிந்த ஊர்

யோசித்துப் பார்த்தால், தகுதி வேறு காகிதம் வேறு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவர் பிரெஞ்சுக்காரர். தெரிவிக்காதவர் இந்தியர். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆன குடும்பங்கள் எத்தனை! அண்ணன் தம்பியைவிட உசத்தி என்று அதற்கு அர்த்தமா? ஒரு காகிதம் இருக்கிறது, ஒரு காகிதம் இல்லை. அவ்வளவுதான்.

இன்றைக்கும் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி அலைகிறவர்கள் இங்கே உண்டு. அந்தப் பதிவேடுகள் சாமானியமானவை இல்லை. ஆளுநராக இருந்த வரலாற்றாசிரியர் அல்ஃப்ரெத் மார்த்தினோ 1676ல் இருந்து தொடங்கும் பதிவுகளின் சுருக்கத்தை அச்சிட்டே வைத்தார். பிறந்தார், மணந்தார், இறந்தார் என்று ஒரு வரிதான். ஆனால் சிப்பாய்க்கும் ஒரு வரி, ஆளுநருக்கும் ஒரு வரி.

பதிவேடு வேறு, கலைக்களஞ்சியம் வேறு என்பது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. பதிவேடு எல்லோரையும் எழுதி வைக்கும். கலைக்களஞ்சியம் ஏற்கனவே எழுதப்பட்டதைச் சுருக்கித் தரும். நாம் பதிவேட்டு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, கலைக்களஞ்சியத்தின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டுகிறோம். திறக்கவில்லை என்று கோபமும் படுகிறோம்.

ஈழத்தவர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2005ல் தொடங்கிய நூலகம் திட்டம் புத்தகம், பத்திரிகை, மலர் என்று கிடைத்ததையெல்லாம் மின்னாக்கம் செய்கிறது. கூடவே "ஆளுமை" என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள். கிராமத்துப் பள்ளி ஆசிரியர், நாடக நடிகர், அறிவிப்பாளர் என்று நமக்குப் பெயரே தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரு சின்னப் பத்தி, எந்த நூலில் எந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி இருக்கிறது என்ற குறிப்பு. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியாமல் இருக்குமா? புதுச்சேரிக்கு அப்படி ஒன்று வேண்டும்.

கடைசியில் என்ன செய்தேன்

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "இப்போதைக்குப் பக்கம் போட முடியாதும்மா. போட்டாலும் ரெண்டு நாள்ல யாராவது எடுத்துடுவாங்க. எடுக்கிறது நியாயமாவும் இருக்கும். அறுபதாம் பிறந்த நாள் அன்னிக்கு 'இந்தக் கட்டுரை நீக்கப்படலாம்'னு சிவப்புப் பெட்டி போட்ட பக்கத்தை அம்மாகிட்ட காட்டப் போறியா?"

முகம் வாடிவிட்டது. "அப்போ அம்மா முக்கியமானவங்க இல்லையா அங்கிள்?" என்று கேட்டாள்.

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "அம்மா முக்கியமான்னு அவங்க கேக்கலம்மா. அம்மாவைப் பத்தி யாரு எழுதினாங்கன்னு கேக்கறாங்க. யாரும் எழுதல. அதுல நானும் ஒருத்தன். இருபது வருஷமா பக்கத்துத் தெருவுல இருந்துக்கிட்டு ரங்கப்பிள்ளையைப் பத்தி எழுதிட்டு இருக்கேன்" என்றேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அப்புறம் செய்தவை இவை. இரண்டு கேசட்டையும் மின்னாக்கம் செய்யக் கொடுத்தோம். ஒன்று முழுக்கப் பூஞ்சை, தேறவில்லை. இன்னொன்றில் 14 நிமிடம் கிடைத்தது. ஒரு மழைக்கால ராத்திரிச் செய்தி. தெருவில் தேங்கிய தண்ணீர், மீனவர்களுக்கு எச்சரிக்கை, பள்ளிகளுக்கு விடுமுறை. பின்னால் நீலத் துணி, நடுவில் கரண்ட் போய்த் திரும்ப வருகிறது. அக்கா சிரிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். சேனல் நடத்தியவரின் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அதை இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றினோம்.

பிறந்த நாள் முடிந்த மறுவாரம், அக்காவை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தேன். ஒரு செய்திக்கு எவ்வளவு பணம், யார் எழுதித் தருவார், டெலிபிராம்ப்டர் இல்லாமல் எப்படி வாசித்தார், ராத்திரி வீட்டுக்கு யார் கொண்டுவந்து விட்டார், வெளியே போனால் என்ன பேசினார்கள் எல்லாம் சொன்னார். கேமராமேன், எடிட்டர், கம்பி இழுத்த பையன் வரை 11 பெயர் கொடுத்தார். நான் கேட்ட பாதிக் கேள்வி அவரைப் பற்றி. அவர் சொன்ன பாதிப் பதில் மற்றவர்களைப் பற்றி.

அப்போதுதான் ழோக்கூரின் குறுக்கு வழி ஞாபகம் வந்தது. நியூட்டனைத் தேடி ஊர்ப் பெயரில் போன மாதிரி, அக்காவுக்குத் தனிப் பக்கம் தேடுவதைவிட "புதுச்சேரியில் கேபிள் தொலைக்காட்சி" என்று ஒரு வரலாறு எழுதினால் அக்காவும் அந்தப் பதினொரு பேரும் அதற்குள் தானாக வந்துவிடுவார்கள். நான் வலைப்பதிவில் எழுதினால் விக்கிப்பீடியாவில் செல்லாது. தானே வெளியிட்டது ஆதாரம் ஆகாது. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையும் அப்படித்தான். அதனால் ஆசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்தி வெளியிடும் இதழுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். அது வந்து, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அப்புறம் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பக்கம் தொடங்கினால் தொடங்கட்டும். நான் தொடங்க மாட்டேன். பக்கத்துத் தெருக்காரன், சம்பந்தப்பட்டவன்.

பிறந்த நாள் அன்று அந்த 14 நிமிடத்தை வீட்டு டி.வி.யில் போட்டுக் காட்டினாள் மகள். அக்கா வாயில் கை வைத்தபடி பார்த்தார். முடிந்ததும், "அந்த மழைக்கு ஸ்டூடியோவுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. மேஜைக்குக் கீழ புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், தெரியுதா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ரீவைண்ட் செய்து மறுபடி பார்த்தோம்.

உங்கள் வீட்டுப் பரணில் 1990களின் கல்யாண கேசட் ஏதாவது இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன்னால் முதல் அஞ்சு நிமிஷமும் கடைசி அஞ்சு நிமிஷமும் ஓட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்கு அடியில் அழியாமல் மிச்சமிருக்கும் ஒரு துண்டில் எட்டு மணிச் செய்தி இருக்கலாம்.